ஒட்சிசன் மானியைப் பேணும் முறை



பாழ்கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன்னர், கயிற்றிலே விளக்கைக் கட்டி உள்ளே விட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இறங்கலாம், அவிந்துபோனால் இறங்கலாகாது. இந்த எளிய சோதனையும் ஒருவகையில் ஒட்சிசன் மானியே. ஆயின் அதன் முகப்பிலே ஒரேயொரு கோடுதான் உண்டு. காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்காக உள்ள ஒட்சிசன் 16 பங்களவுக்குக் குறையும்போது சாதாரணச் சுடர் அவிந்துவிடும். அந்த நிலையிலேயே மனிதனுடைய அறிவும் தடுமாறத் தொடங்கிவிடுமாதலால், விளக்குத் தரும் எச்சரிக்கை சற்றுக் காலந் தாழ்த்தியே வருகின்றது. அன்றியும், எரியக்கூடிய வாயு நிறைந்த குழியிலே விளக்கை இறக்குவது எத்துணைப் பேராபத்து என்பதை நான் விரித்துக் கூற வேண்டியதில்லை.

விளக்குச் செய்த வேலையை இன்று தொழிற்சாலைகளிலும், கப்பல்களிலும், வைத்தியசாலைகளின் ஒட்சிசன் ஆக்கும் நிலையங்களிலும் சிறு கருவியொன்று செய்து வருகின்றது. அதனுள்ளே உணரி எனப்படும் ஓர் உறுப்பு இருக்கின்றது. அதைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். கருவியை வாங்குவதற்குப் பெரும்பொருள் செலவிடும் நிருவாகங்கள், அதைப் பேணுவதற்குச் சிறுபொழுது செலவிடத் தயங்குவதை நாம் காண்கின்றோம். ஆதலின் இன்று அக்கருவியைப் பேணுதல் பற்றியும், உணரியை மாற்றும் முறை பற்றியும் சில சொல்லலாமென எண்ணுகின்றேன். இத்துறையில் வேலை செய்யாத அன்பர்களும் கேட்கத்தக்க செய்திகள் இதில் உண்டு.

ஒட்சிசன் குறைவை நம் உடல் உணர்வதில்லை என்பதை முதலிற் சொல்லிவிடுகின்றேன். மூச்சை அடக்கும்போது நமக்குண்டாகும் திணறல், ஒட்சிசன் போதாமையால் வருவதன்று. உடலிலே காபனீரொட்சைட்டுப் பெருகுவதனால் வருவது. நைதரசன் நிறைந்த தாங்கி ஒன்றினுள்ளே தலையை நீட்டும் ஒருவன், தான் வழக்கம்போலவே மூச்சு விடுவதாக நினைக்கின்றான். காபனீரொட்சைட்டு வெளியேறிக்கொண்டேயிருப்பதால் திணறல் தோன்றுவதில்லை. நிறமில்லை, மணமில்லை, எரிச்சலில்லை. ஒன்றிரண்டு மூச்சிலேயே அறிவிழந்து விழுகின்றான். அவனைக் காப்பாற்ற ஓடிச்செல்பவனும் அவ்வாறே விழுகின்றான்.

ஐக்கிய அமெரிக்காவிலே இரசாயனப் பாதுகாப்பு விசாரணைச் சபையென ஓர் அமைப்பு உண்டு. அந்நாட்டில் 1992ஆம் ஆண்டுமுதல் 2002ஆம் ஆண்டுவரை நைதரசனால் நிகழ்ந்த 85 விபத்துக்களை ஆராய்ந்து, அவற்றில் 80 பேர் மாண்டனரென அச்சபை 2003ஆம் ஆண்டில் அறிவித்தது. அதன்பின்னும், 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், டெலவெயர் மாநிலத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் நைதரசன் செலுத்தப்பட்டிருந்த கலமொன்றின் வாயிலிலே இருவர் இறந்தனர். ஒருவர் உள்ளே கிடந்த ஒட்டுநாடாச் சுருளொன்றை எடுக்க முயன்றதாகத் தெரிகின்றது. மற்றவர் அவரை மீட்கச் சென்றவர்.

ஒட்சிசன் குறைவது ஆபத்தாகும் இடங்கள் இவை. ஒட்சிசன் கூடுவதே ஆபத்தாகும் இடங்களும் உண்டு. மசகெண்ணெய் ஏற்றிச் செல்லும் பெருங்கப்பல்களின் தாங்கிகளிலே எண்ணெயின் ஆவி எப்போதும் இருக்கும். 1969ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மார்பெசா, மக்ற்றா, கொங் ஹாக்கன் ஏழு என்னும் மூன்று பாரிய எண்ணெய்க் கப்பல்கள், தாங்கிகளைக் கழுவிக்கொண்டிருந்த வேளையில், மூன்று கிழமைகளுக்குள்ளே ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மார்பெசா கடலில் மூழ்கிற்று. அதன்பின்னரே, தாங்கிகளுக்குள் ஒட்சிசன் குறைந்த சடவாயுவைச் செலுத்திவைக்கும் முறை எண்ணெய்க் கப்பல்களுக்குப் பொதுவிதியாயிற்று. எண்ணெயாவி எரிவதற்கு நூற்றுக்கு ஏறக்குறைய 11 பங்கு ஒட்சிசனேனும் வேண்டும். எனவே தாங்கிக்குள் அது 8 பங்குக்கு மேற்படலாகாது எனவும், செலுத்தப்படும் சடவாயுவில் 5 பங்குக்கு மேற்படலாகாது எனவும் சர்வதேச விதிகள் கூறுகின்றன. இலங்கையின் தென்முனையைக் கடந்து கீழ்த்திசை செல்லும் எண்ணெய்க் கப்பல்களிலும், இந்த எண்ணைக் காட்டுவதற்கு ஒரு மானி ஓயாது வேலை செய்துகொண்டிருக்கின்றது.

இவ்விரு வகை இடங்களையும் நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவி பிழைபட்டால், எந்தப் பக்கமாகப் பிழைபடுகின்றது என்பதே கேள்வி. ஆள் இறங்கும் குழியிலே மானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டினால், வீணாக மணி ஒலிக்கும், வேலை தடைப்படும், உயிருக்குக் கேடில்லை. சடவாயு நிறைந்த தாங்கியிலோ, மானி குறைத்துக் காட்டினால் மணி ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலியாது. தேய்ந்துபோன உணரி பெரும்பாலும் குறைத்தே காட்டும். முற்றாகச் செத்த உணரி பூச்சியத்தைக் காட்டும். தாங்கியில் ஒட்சிசன் துளியுமில்லை என்பதற்கு அடையாளமும் பூச்சியம். உணரி இறந்துவிட்டது என்பதற்கு அடையாளமும் பூச்சியம். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்காகவே பராமரிப்பு என்பது இருக்கின்றதெனச் சொன்னால் அது மிகையாகாது.

இனி உணரி எவ்வாறு வேலை செய்கின்றதென நோக்குவோம். ஒட்சிசனை அளக்கும் வழிகள் பல. ஒட்சிசன் காந்தத்தால் இழுக்கப்படும் இயல்புடையது என்பதை மைக்கேல் பரடே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கண்டறிந்தார். அவ்வியல்பைப் பயன்படுத்தி லைனஸ் போலிங் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர், நீர்மூழ்கிக் கப்பல்களின் காற்றைச் சோதிப்பதற்கென 1940ஆம் ஆண்டிலே ஒரு மானியை அமைத்தார். அவ்வினத்தைச் சேர்ந்த மானிகள் இன்றும் உள. கொதிகலங்களின் புகைவழியிலே சிர்க்கோனியா என்னும் வெண்களிப் பொருளாலான உணரி பயன்படுகின்றது. அது ஏறக்குறைய 700 பாகை சதமவெப்பத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஒருபுறம் காற்றும் மறுபுறம் புகையும் படும்போது, இருபுறத்து ஒட்சிசனின் வேறுபாட்டுக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். இவற்றைப் பற்றிப் பின்னர் ஓரிரு சொற்கள் சொல்வேன்.

பரவலாக வழங்குவதும், அடிக்கடி உணரியை மாற்ற வேண்டியதும் மின்கல வகை மானியாகும். மின்சூளில் இடும் மின்கலத்தை ஒத்ததே அதன் உணரி. உள்ளே ஓர் ஈயத்துண்டு அனோட்டாக இருக்கின்றது. பொன் அல்லது வெள்ளி பூசிய மெல்லிய தகடு கதோட்டாக இருக்கின்றது. இரண்டுக்கும் இடையே பொற்றாசியமைதரொட்சைட்டு என்னும் காரக் கரைசல் உண்டு. முகப்பை ஒரு மெல்லிய மென்றகடு மூடியிருக்கும். வாயுவிலுள்ள ஒட்சிசன் அந்த மென்றகட்டினூடே ஊடுருவி, கதோட்டை அடைந்து, நீருடனும் இலத்திரன்களுடனும் சேர்கின்றது. அவ்விலத்திரன்களைக் கொடுப்பது ஈயம். கொடுத்த ஈயம் ஈயவொட்சைட்டாக மாறிவிடுகின்றது. ஒட்சிசன் எவ்வளவு வந்ததோ அவ்வளவுக்கேற்ற மின்னோட்டம் வெளிச்சுற்றிலே ஓடும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. அளக்கப்படும் ஒட்சிசனே கலத்தை இயக்குகின்றது.

இவ்வமைப்பிலிருந்தே அதன் ஆயுட்கணக்கும் விளங்கும். அளந்த ஒவ்வோர் ஒட்சிசன் மூலக்கூறும் ஈயத்தைச் சிறிது தின்றுவிட்டே போகின்றது. தூய நைதரசனிலே இருக்கும் கலம் நெடுநாள் வாழும். காற்றிலே இருப்பது அதனினும் குறைந்த காலமே வாழும். தூய ஒட்சிசனிலே வைத்திருப்பது விரைவில் முடிந்துவிடும். காற்றில் வைத்தால் இரண்டாண்டு உழைக்குமென அமைப்பாளர் கூறும் ஒரு கலத்தைத் தூய ஒட்சிசனில் ஓயாது வைத்திருந்தால், அது ஏறக்குறைய அரையாண்டுக்குள்ளேயே முடிந்துவிடக்கூடும். பெட்டியிலே கிடந்தால் தேயாது என எண்ணுவதும் பிழை. பொதியைப் பிரித்த நாள்முதல், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், கலம் தேய்ந்துகொண்டேயிருக்கின்றது. மலிவாகக் கிடைக்கின்றதென ஒரே முறையில் பத்துக் கலங்களை வாங்கி வெப்பமான களஞ்சியத்தில் அடுக்கி வைப்பது சிக்கனமன்று. ஒன்று கருவியிலும் ஒன்று குளிர்ந்த அலுமாரியிலும் இருந்தாற் போதும். பொதியின்மேல் வந்த நாளை எழுதி வைத்தல் வேண்டும்.

நாளாந்தம் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முதலாவது வாயுவின் ஓட்டம். மாதிரிவாயு குழாய்வழியாக உணரியை அடைகின்றது. நிமிடத்துக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர்வரை என அமைப்பாளர் விதித்த ஓட்டம் குறையாதிருக்க வேண்டும். ஓட்டமானியின் சிறு குண்டு கீழே கிடந்தால், முகப்பிலுள்ள எண்ணுக்கு யாதொரு பொருளுமில்லை. குழாய் அடைபட்டுவிட்டால், உணரியின் முன்னே தேங்கிநிற்கும் சிறிதளவு ஒட்சிசனையும் உணரியே தின்று தீர்த்துவிடும். எண் மெல்ல மெல்லப் பூச்சியத்தை நோக்கி இறங்கும். பார்ப்பவர் நிலைமை நன்றாக இருக்கின்றதென மகிழ்வார்! ஆகவே எண்ணைப் பார்க்குமுன் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். குழாயிற் சேரும் நீரை வடித்துவிடுதல், வடிகட்டியின் நிறம் மாறியிருப்பின் அதை மாற்றுதல் ஆகியனவும் இதனோடு சேர்ந்தவை.

இரண்டாவது, அளவுத்திருத்தம். காற்றில் ஒட்சிசன் 20.95 பங்கு என்பது யாவருக்கும் தெரியும். ஆதலால் உணரிக்குக் காற்றைக் கொடுத்து, முகப்பில் 20.9 வருமாறு திருகினால் முடிந்தது எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் அந்த 20.95 என்பது உலர்ந்த காற்றுக்குரிய எண். கொழும்பிலே வெப்பநிலை 30 பாகையும் ஈரப்பதன் நூற்றுக்கு 80மாக உள்ள நாளொன்றை எடுத்துக்கொள்வோம். அக்காற்றிலே நீராவி மட்டும் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று அதிகமாக இருக்கும். நீராவி பிடித்துக்கொண்ட இடம் போக எஞ்சிய இடத்திலேதான் ஒட்சிசன் உண்டு, கணக்கிட்டால் 20.2 பங்கை ஒட்டியே வரும். ஈரக்காற்றிலே மானியை 20.9 எனத் திருகிவிட்டால், பின்னர் அது காட்டும் எண்கள் யாவும் நூற்றுக்கு மூன்று வீதம் மிகைப்படும். ஐரோப்பாவிலே எழுதப்பட்ட கைந்நூல்கள் இதைப் பெரிதாகச் சொல்லாமைக்குக் காரணம், அவர்களுடைய குளிர்ந்த காற்றில் நீராவி சொற்பம் என்பதே. நாமோ உருளையிலடைத்த உலர் காற்றையோ, தொழிற்சாலையின் உலர்த்திய அமுக்கக் காற்றையோ பயன்படுத்துவதே முறை.

அமுக்கத்தையும் மறத்தலாகாது. மின்கல உணரி உண்மையில் அளப்பது ஒட்சிசனின் பங்கை அன்று; அதன் பகுதியமுக்கத்தை. கொழும்பிலே திருத்திய மானியொன்றை நுவரெலியாவுக்குக் கொண்டு சென்றால், அமுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு அதில் இல்லையேல், மலைக்காற்றில் அது 17 பங்கை அண்மித்தே காட்டும். அவ்வூர்க் காற்றிலும் ஒட்சிசன் 21 பங்குதான்; ஆனால் காற்றின் அமுக்கமே ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்திருக்கின்றது. மலையிலே பயன்படுத்தும் கருவியை மலையிலேயே திருத்த வேண்டும்.

திருத்தும்போது செய்ய வேண்டிய இன்னொரு காரியம், திருகுமுன் எழுதுதல். காற்றைக் கொடுத்தவுடன் மானி காட்டிய எண் எது, திருத்தியபின் காட்டிய எண் எது, கலம் கொடுத்த மின்னழுத்தம் எத்துணை மில்லிவோற்று என்னும் மூன்றையும் நாளிட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பலர் திருத்தியபின் வந்த எண்ணை மட்டும் எழுதுகின்றனர். ஆண்டு முழுவதும் 20.9, 20.9 என்றே ஏடு நிறைந்திருக்கும். அதனால் யாருக்கும் ஒரு பயனுமில்லை. புதியதாக இருந்தபோது காற்றில் 10 மில்லிவோற்றுக் கொடுத்த கலம் இப்பொழுது 9, அடுத்த திங்களில் 8.8, அதற்கடுத்த திங்களில் 7.5 என இறங்குமாயின், அதற்கு முடிவு நெருங்கிவிட்டதென ஏடே சொல்லும். மெல்ல இறங்கிவந்தது திடீரென விரைந்து இறங்கத் தொடங்கும் இடத்தையே கவனிக்க வேண்டும்.

தேய்ந்த கலத்திற்கு ஒரு வஞ்சகமான குணமும் உண்டு. ஈயத்தின் பரப்புக் குறைந்தபின், கலம் ஓரளவுக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைக் கொடுக்க இயலாததாகிவிடும். காற்றிலே சோதித்தால் 20.9 எனச் சரியாகவே நிற்கும். ஆனால் 90 பங்குக்கு மேற்பட்ட ஒட்சிசனைக் கொடுத்தால், 70 அல்லது 80 இலேயே தடைப்பட்டு நின்றுவிடும். வைத்தியசாலை ஒட்சிசன் நிலையங்களிலே, காற்றிலிருந்து நைதரசனைப் பிரித்து எடுக்கும் ஒட்சிசன் 93 பங்கை அண்மித்திருக்க வேண்டும். அதை அளக்கும் மானியைக் காற்றால் மட்டும் சோதித்துத் திருப்தியடைதல் கூடாது. எந்த எல்லையில் அளக்கின்றோமோ அந்த எல்லையை அடுத்த வாயுவாலும் சோதித்தல் வேண்டும். கொள்ளைநோய்க் காலமாகிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் இத்தகைய நிலையங்கள் அவசரமாக நிறுவப்பட்டன. அவற்றிலிருந்த உணரிகளில் பல இதற்குள் ஒரு முறையேனும் மாற்றப்பட்டிருக்க வேண்டியவை.

கசிவு பற்றி இனிச் சொல்லவேண்டும். தூய நைதரசனில் உள்ள ஒட்சிசனைப் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என அளக்கும் நுண்மானிகளை வைத்திருப்போர்க்கு இதுவே தீராத தலைவலி. வெளிக்காற்றிலே ஒட்சிசன் பத்து இலட்சத்தில் 209,500 பங்கு. குழாயிலோ இரண்டு பங்கு. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வாயு ஓடும் குழாயினுள்ளே, ஒரு மில்லிலீற்றரில் நூறிலொரு பங்கு வெளிக்காற்று நுழைந்தாலும், எண் இரண்டு பங்கு கூடிவிடும். அதாவது இரண்டு என்பது நான்காகிவிடும். குழாயினுள் அமுக்கம் அதிகமாயிற்றே, காற்று எப்படி உள்ளே வரும் எனக் கேட்பார் உண்டு. ஒட்சிசன் தன்னுடைய பகுதியமுக்கம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுமே அன்றி, நைதரசனின் அமுக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. நைதரசன் வெளியே கசியும் அதே நுண்துளை வழியாக ஒட்சிசன் உள்ளே வருகின்றது. இறப்பர்க் குழாய், சிறப்பாகச் சிலிக்கோன் இறப்பர், துளையே இல்லாதபோதும் ஒட்சிசனை ஊடுருவ விடும். இத்தகைய அளவைக்குச் செப்பு அல்லது துருப்பிடியா உருக்குக் குழாயே ஏற்றது.

கசிவைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. வாயுவின் ஓட்டத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். எண் மாறாதிருந்தால் அது வாயுவிலேயே உள்ள ஒட்சிசன். நான்காக இருந்தது மூன்றாகக் குறைந்தால், வெளியிலிருந்து நுழைந்த ஒட்சிசன் கூடிய வாயுவிலே கலந்து நீர்த்துப்போனது எனத் தெளியலாம். உணரியைப் பழித்துப் புதியதொன்றை வாங்குவதற்கு முன், ஒரு நிமிடம் செலவாகும் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. குற்றமற்ற உணரிகள் பல, மூட்டொன்று தளர்ந்த காரணத்தால் எறியப்படுகின்றன என்பது என் எண்ணம்.

இனி உணரியை மாற்றும் வேலைக்கு வருவோம். அது திருகாணியைக் கழற்றிப் பூட்டும் சிறு வேலைபோலத் தோன்றும். ஆயினும் முதலில் அறிவிக்க வேண்டியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். மானியின் எண்ணைக் கொண்டே மணி ஒலிக்கவும், இயந்திரம் நிற்கவும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். உணரியைக் கழற்றிய கணத்தில் அது பூச்சியத்தைக் காட்டி ஆலையை நிறுத்திவிடலாம். அல்லது, மணியை முன்னரே கட்டிவைத்துவிட்டால், வேலை முடியும்வரை அவ்விடம் கண்ணற்றுக் கிடக்கும். மேற்பார்வையாளரின் எழுத்து அனுமதியுடன் மணியை நிறுத்தி, அந்நேரத்துக்குக் கையில் எடுத்துச்செல்லும் வேறொரு மானியைக் காவலாக வைத்தல் வேண்டும். வேலை முடிந்தபின் மணியைத் திரும்ப இயக்க மறப்பது, பழுதான உணரியைவிடக் கேடானது.

அடுத்து மாதிரிவாயுவை அடைத்து, குழாயிலுள்ள அமுக்கத்தை வெளிவிட வேண்டும். வாயு நச்சுடையதாயின், அல்லது நைதரசனாயின், அதை அறைக்குள்ளே விடலாகாது. மூடிய சிற்றறையிலே ஒரு மானியைப் பழுதுபார்க்கும்போது கசியும் நைதரசனே பழுதுபார்ப்பவரை வீழ்த்தக்கூடும். எரிவாயு சூழ்ந்த இடமாயின் மின்சாரத்தைத் துண்டித்தபின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும்.

பழைய கலத்தைக் கையுறையணிந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். அதன் ஓரத்தில் வெண்பொடி பூத்திருந்தாலோ, தொட்டால் சவர்க்காரம்போல வழுக்கினாலோ, உள்ளிருந்த காரம் கசிந்துவிட்டதென அறியலாம். கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு செய்யும். பட்ட இடத்தை ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, கண்ணாயின் தாமதியாது வைத்தியரிடம் செல்ல வேண்டும். கலம் பொருந்தும் குழியிலும் மின்தொடுகைகளிலும் அந்தக் காரம் படிந்திருந்தால், அமைப்பாளர் கூறியவாறு துடைத்து உலர்த்தியபின்பே புதியதை வைக்கலாம். அன்றேல் புதுக்கலமும் சில நாட்களில் தவறாக அளக்கும்.

புதிய கலத்தின் மென்றகட்டை விரலாலோ திருகாணிச் செலுத்தியாலோ தொடலாகாது. வளைய அடைப்பையும் புதிதாக மாற்றுவதே நன்று. சில ரூபாய் பெறும் அந்த வளையம் பழுதாயிருந்தால் கசிவு நிச்சயம். அது வழுக்கிப் பொருந்தட்டும் என எண்ணெய் பூசும் பழக்கம் சிலரிடத்துண்டு. ஒட்சிசன் மிகுந்த வாயுவோடு தொடர்புள்ள எந்த உறுப்பிலும் எண்ணெயோ கொழுப்போ படலாகாது; சாதாரணக் காற்றில் வாளாவிருக்கும் எண்ணெய், செறிந்த ஒட்சிசனில் தீப்பற்றிக்கொள்ளும். கலத்தைக் கையால் இறுக்கினாற் போதும். நுண்மானிக்குரிய கலமாயின், பொதியைப் பிரித்ததும் தாமதமின்றிப் பொருத்தி நைதரசனைச் செலுத்த வேண்டும். காற்றிலே சில நிமிடம் அதிகமாக நின்றாலும், உட்புகுந்த ஒட்சிசன் முழுவதும் தீர்ந்து எண் நிலைக்குவரப் பல மணிநேரம், சிலபோது ஒருநாளுக்கு மேலும் காத்திருக்க நேரும். அப்பொழுது பொறுமையிழந்து திருகுவதில் பயனில்லை.

மற்றைய வகைகளுக்குக் கலம் நிலைத்தபின் உலர் காற்றால் திருத்தி, பின்னர் நைதரசனைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். காற்றிலிருந்து நைதரசனுக்கு மாற்றும்போது எண் இறங்க எத்தனை வினாடி ஆயிற்று என்பதையும் கடிகாரத்தால் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டிலே அதே மாற்றத்துக்கு இருமடங்கு நேரம் பிடித்தால், வடிகட்டியோ மென்றகடோ அடைபடுகின்றதெனத் தெரியும். இயன்றவிடத்து, சோதனை வாயுவை மானியின் வாயிலில் கொடாமல், மாதிரி எடுக்கும் குழாயின் மறுமுனையிலே கொடுத்துப் பார்ப்பது மேல். அப்போதுதான் குழாயும் வடிகட்டியும் மூட்டுக்களும் சேர்ந்து சோதிக்கப்படும். ஈற்றில், மணி ஒலிக்கும் எல்லைவரை வாயுவை மாற்றி, மணி உண்மையாகவே ஒலிக்கின்றதா எனக் காதால் கேட்க வேண்டும்.

சடவாயுத் தாங்கிக்குரிய மானியாயின், நான் முன்னே சொன்ன பூச்சியத்தின் மயக்கத்தைப் போக்க, குறித்த நாட்களுக்கொருமுறை காற்றைக் கொடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. எண் மேலே ஏறினால் கலம் உயிரோடிருக்கின்றது.

பிறவகை மானிகளைப் பற்றியும் சொல்வதாகக் கூறினேன். காந்தவகையில் தேய்வதற்கு ஈயம் இல்லை; ஆதலின் உணரி நெடுங்காலம் நிற்கும். ஆனால் நீர்த்துளி ஒன்று உட்புகுந்தாற்கூட அதன் மெல்லிய இழையிலே தொங்கும் பளுக்கோல் கெட்டுவிடும். நைத்திரிக்கொட்சைட்டு என்னும் வாயுவும் காந்தத்தால் இழுக்கப்படுவதால், அது கலந்த வாயுவில் அம்மானி சற்று ஏமாறும். சிர்க்கோனியா உணரி வெப்பத்தில் வாழ்வது. அதைச் சுடச்சுட வெளியே இழுப்பதும், குளிர்ந்ததைத் திடீரெனச் சுடுபுகையில் நுழைப்பதும் வெண்களியில் வெடிப்பை உண்டாக்கும். புகையிலே எரியாது எஞ்சிய வாயுக்கள் அதன் பிளாற்றினப் பரப்பில் எரிந்து அங்குள்ள ஒட்சிசனை உண்பதால், மானி குறைத்துக் காட்டும் என்பதையும் கொதிகலத்தை நடத்துவோர் நினைவில் வைத்தல் நல்லது.

காபனீரொட்சைட்டு மிகுந்த வாயுவை அளப்பவர், ஈயக் கலம் வாங்குமுன் அமைப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். காரக் கரைசலைக் கொண்ட கலத்தைக் காபனீரொட்சைட்டு மெல்லக் கெடுத்துவிடும். அதற்கெனவே அமிலக் கரைசல் கொண்ட கலங்கள் செய்யப்படுகின்றன. விலையைப் பார்த்துச் சாதாரணக் கலத்தை வாங்குவோர், ஆண்டுக்கொன்று என எண்ணிய செலவை இரண்டு மூன்று முறை செய்ய நேரிடும்.

கழற்றிய பழைய கலம் கைக்கடக்கமான சிறு பொருள்தான். ஆயினும் அதற்குள்ளே ஈயமும் காரமும் இருக்கின்றன. அதை உடைத்துப் பார்ப்பதும், குப்பையோடு எறிவதும், மண்ணிற் புதைப்பதும் தகாத செயல்கள். நிலத்தடி நீரைக் கிணற்றில் அள்ளிக் குடிக்கும் ஊர்களிலே இது இன்னும் கூடிய கவனத்துக்குரியது. கசியாத பிளாத்திக்குப் பையிலிட்டுக் கட்டி, பழைய ஈய மின்கலங்களைப் பொறுப்பேற்பவரிடமோ, புதியதை விற்றவரிடமோ ஒப்படைத்து, எந்த நாளில் ஒப்படைத்தோம் என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். புதிய கலம் பொருத்திய நாள், அது காற்றிலே கொடுத்த முதல் மில்லிவோற்று, வேலை செய்தவரின் கையொப்பம் ஆகியவை அடுத்த வரியில் இடம்பெற வேண்டியவை.